காற்று திரும்பும் மாதம்

புரட்டாசி பாதி கழிந்ததும், வெயில் தாழும் நேரமாகப் பார்த்து ஆர்.எஸ்.புரத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கௌலி பிரவுன் சாலையில் வனத்துறை வளாகத்து மரங்களுக்கு மேலே, மின்கம்பிகளுக்கும் மேலே, பொன்னிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். ஒன்றும் எங்கும் உட்காராது. சிறகை விரித்தபடி சறுக்கும், சட்டென்று திரும்பும், நம் கண்ணுக்குத் தெரியாத எதையோ கவ்வும், மறுபடி சறுக்கும். அதே வாரங்களில், காலை வெயில் ஏறியதும், கறுப்பும் வெளிர்நீலமுமான பட்டாம்பூச்சிகள் டி.பி. சாலைக் கட்டடங்களைத் தாண்டி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். வழியில் பூவே இருந்தாலும் பல நிற்பதில்லை. நல்ல மழை பெய்து ஓய்ந்த ஓர் அந்தியில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். மூன்றையும் பார்த்துவிட்டால், கோவைக்குக் கூதிர்காலம் வந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

குளிர்நாடுகளில் இந்தச் செய்தியைச் சொல்பவை மரங்கள். பகல் சுருங்கச் சுருங்க இலைகள் நிறம் மாறி உதிர்கின்றன. அங்குள்ள பூச்சிகளும் பகலின் நீளத்தையும் குளிரையும் பார்த்தே உறங்கப் போகின்றன, அல்லது ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கும் கோவையில் அது சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். இங்கே பருவத்தைப் புரட்டிப் போடுவது காற்று. காற்று திரும்பினால் மழை இடம் மாறுகிறது. மழை இடம் மாறினால் தளிரும் குட்டையும் இடம் மாறுகின்றன. தளிரையும் குட்டையையும் நம்பிப் பிழைக்கும் பூச்சிகளும் கூடவே இடம் மாறியாக வேண்டும். நம் ஊர்ப் பூச்சிகளின் பருவக் கணக்கு முழுவதும் இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடுகிறது.

கணவாய்க்கு எதிரே ஓர் ஊர்

காற்று திரும்புவதை உடம்பால் உணர்வதற்குக் கோவையைப் போல இன்னோர் ஊர் கிடைப்பது அரிது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 கிலோமீட்டருக்கும் அகலமான பாலக்காட்டுக் கணவாய். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அரபிக்கடல் காற்று அந்த இடைவெளியில் புகுந்து பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் வாரியடிக்கிறது. ஆடிக்காற்று என்று நாம் சொல்வதும், அந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவே. மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இங்கே வெறும் காற்றாகவும் சாரலாகவும் வந்து சேர்கிறது.

செப்டம்பர் கடைசியில் அந்தக் காற்று தளர்கிறது. சில நாட்கள் அசைவே இல்லாத புழுக்கம். அக்டோபரில் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழை மறைவில் கிடக்கும் கோவைக்கும் பெரும் மழை இதுதான். மார்கழி, தை வாக்கில் அதே கணவாய் வழியாகக் காற்று எதிர்த்திசையில் பாய்ந்து பாலக்காட்டைப் புழுதியாக்கும். ஒரே வாசலில் ஆண்டுக்கு இருமுறை திசை மாறிப் போகும் காற்று இது. அந்த வாசலுக்கு எதிரே நாம் குடியிருக்கிறோம்.

கடல் தாண்டும் தட்டான்

ஆர்.எஸ்.புரத்து மாலை வானில் மிதக்கும் பொன்னிறத் தட்டானின் அறிவியல் பெயர் பாண்டலா ஃபிளாவெசென்ஸ். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. உடல் நாலரை சென்டிமீட்டர் நீளம். எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எப்போதாவது ஒரு குச்சியில் தங்கினால், மற்றத் தட்டான்களைப் போலக் கிடையாக உட்காராமல் செங்குத்தாகத் தொங்கும். பின்சிறகின் அடிப்பகுதி அகன்றிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். சிறகடிக்காமல் காற்றில் சறுக்கிப் போக உதவுவது அந்த அகலமே. இந்தப் பூச்சியின் கதை முழுக்க அந்தச் சிறகில் இருக்கிறது.

மாலத்தீவில் வசித்த கடலுயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இந்தத் தட்டான்கள் திரள் திரளாக அங்கே வந்திறங்குவதைப் பார்த்தார். நவம்பர், டிசம்பரில் கூட்டம் உச்சத்துக்குப் போகும், பிறகு காணாமல் போய்விடும். தட்டான் நன்னீரில் முட்டையிடும் பூச்சி; மாலத்தீவின் பவளத் தீவுகளில் தேங்கும் நன்னீரோ மிகக் குறைவு. அப்படியானால் இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? இந்தியா, மாலத்தீவு, செஷல்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா என்று அவை தென்படும் மாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்த ஆண்டர்சன், 2009இல் தம் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கிளம்பும் தட்டான்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன. அங்கே பருவமழைக் குட்டைகளில் பெருகும் தலைமுறைகளின் வாரிசுகள் தென்மேற்குக் காற்றோடு இந்தியா திரும்புகின்றன. போக வர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே பூச்சி இந்தச் சுற்றை முடிப்பதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன.

இதில் வியப்பூட்டும் இடம் ஒன்று உண்டு. அக்டோபரில் மாலத்தீவுக் கடல்மட்டத்தில் பெரும்பாலும் மேற்குக் காற்றே அடிக்கிறது. இந்தியாவிலிருந்து போகும் பூச்சிக்கு அது எதிர்க்காற்று. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே அதற்குள் வடகிழக்குக் காற்று வந்துவிட்டிருக்கிறது. வடகோளக் காற்றும் தென்கோளக் காற்றும் சந்திக்கும் மழைப்பட்டை அந்த மாதங்களில் தெற்கே நகர்கிறது; அதன் பின்னால் உயரத்தில் வீசும் காற்றில் ஏறித்தான் தட்டான்கள் கடல் தாண்டுகின்றன என்பது ஆண்டர்சனின் விளக்கம். தரையில் நிற்கும் நமக்குக் காற்று திரும்பியது தெரிவதற்கு முன்பே, மேலே பறக்கும் தட்டான் திரும்பிய காற்றில் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் சிறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை 2012இல் ஓர் ஆய்வுக் குழு சோதித்தது. ஒவ்வொரு நிலப்பகுதியின் மழைநீருக்கும் தனித்த ஐசோடோப்பு விகிதம் உண்டு. தட்டானின் குஞ்சுப்பருவம் கழிந்த நீரின் அடையாளம் சிறகில் தங்கிவிடும். மாலத்தீவுத் தட்டான்கள் வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கேயோ பிறந்தவை என்று அந்த அடையாளம் சொன்னது. எனவே புரட்டாசியில் நம் தலைக்கு மேல் மிதப்பவற்றில் வழிப்போக்கர்களும் உண்டு, முத்தண்ணன் குளத்தோரச் சேற்றுக் குட்டையில் பிறந்த உள்ளூர்க்காரர்களும் உண்டு. முட்டையிலிருந்து சிறகு முளைக்க இந்தத் தட்டானுக்கு ஆறேழு வாரம் போதும். மழை பெய்து தேங்கி, இரண்டு மாதத்தில் வற்றிப்போகும் குட்டைக்கென்றே அமைந்த வாழ்க்கை அது. மீன் இல்லாத புதுக் குட்டையில் எதிரிகள் குறைவு. குட்டை வற்றுவதற்குள் பறந்துவிட வேண்டும். பறந்ததும் அடுத்த மழை எங்கேயோ அங்கே போயாக வேண்டும். மழை பெய்யும் இடத்துக்குக் காற்றே கொண்டுபோய் விடுகிறது.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் ஊரில் சொல்வதற்கும் இதில் விடை இருக்கிறது. மழைமேகத்துக்கு முன்னே பல திசைக் காற்றுகள் வந்து குவியும் வரிசை ஒன்று உருவாகும். அந்த வரிசையில் கொசு, அசுவினி, சிறு ஈ என்று எடையற்ற பூச்சிகள் வந்து சேர்கின்றன. வானிலை ராடார்களில் இந்தத் திரள் மெல்லிய கோடாகவே தெரிவதுண்டு. இரை கூடிய இடத்தில் தட்டானும் கூடுகிறது. கொங்கு நாட்டு உழவர் வானத்தையும் தட்டானையும் சேர்த்துப் பார்த்துச் சொன்ன சொல், காற்று குவியும் இடத்தைச் சரியாகவே காட்டியிருக்கிறது.

இதே பருவத்தில் டி.பி. சாலை ஓரம் நிறுத்தியிருக்கும் கார்களையும் சற்றுக் கவனியுங்கள். கறுப்பு அல்லது கருஞ்சிவப்புக் காரின் முன்மூடிமேல் ஒரு தட்டான் தாழ வந்து, வால்நுனியால் மறுபடி மறுபடி தொட்டுத் தொட்டு எழும். அது முட்டையிடுகிறது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடைமட்டமாக முனைவுற்றிருக்கும். தட்டானின் கண் தண்ணீரை அடையாளம் காண்பது அதை வைத்தே. பளபளக்கும் வண்ணப்பூச்சும் கண்ணாடியும் சூரியத் தகடும் அதே ஒளியைத்தான் தெறிக்கின்றன. சூடேறிய தகரத்தில் அந்த முட்டைகள் ஒன்றும் பொரிக்காது. கடல் தாண்டத் தெரிந்த பூச்சிக்கு நாம் விரித்து வைத்த பொய்த் தண்ணீர் அது.

மலைக்குத் திரும்பும் வரியன்கள்

தட்டானின் பயணம் கடல் தாண்டியது என்றால், பட்டாம்பூச்சியின் பயணம் மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்டது. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், அதன் நெருங்கிய உறவான இன்னொரு கருப்பன் என நான்கு இனங்கள் இதில் முன்னிற்கின்றன. தென்மேற்குப் பருவமழை மேற்குத்தொடர்ச்சி மலையைப் போட்டு அடிக்கும் முன், ஏப்ரல் முதல் ஜூன் வரை, இவை மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத்தொடர்ச்சி மலைகளுக்கும் வருகின்றன. இங்கே இனம் பெருக்குகின்றன. வடகிழக்கு மழை கிழக்கே வலுக்கும் முன், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மேற்கு மலைக்கே திரும்புகின்றன. சேர்வராயன், கொல்லிமலைப் பக்கத்திலிருந்து நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் போகிற வழியில் கோவை கிடக்கிறது. அதனால்தான் புரட்டாசி, ஐப்பசியில் நம் மாடிகளுக்கு மேல் இந்த ஊர்வலம்.

இதைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் வானியலாளர். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்த ஜான் எவர்ஷெட், அடுத்த ஆண்டே பட்டாம்பூச்சி வலசை பற்றி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு குறிப்பு எழுதினார். பின்னாளில் டென்மார்க்கைச் சேர்ந்த டோர்பென் லார்சன் நீலகிரியில் இந்த வலசையை ஆராய்ந்தார். நம் காலத்தில் பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் வைஷாலி பௌமிக்கும் வலசை போகும் பெண் பூச்சிகளின் உடலையே ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். பயணத்தின்போது அவற்றின் உடல் முட்டை வளர்ப்பைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பறப்பதற்கே வலுவைச் செலவிடுகிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான் பிள்ளைப்பேறு.

ஊர்வலத்தில் எல்லாப் பூச்சியும் நிற்காமல் போய்விடுவதில்லை. வழியில் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் ஆண் வரியன்கள் இறங்கிவிடும். பூவைத் தேடி இறங்குவதில்லை. வாடிய இலையும் உலர்ந்த நெற்றும்தான் வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு காயின்மேல் பத்துப் பன்னிரண்டு வரியன்கள் நெருக்கியடித்துக்கொண்டு, உறிஞ்சுகுழலால் தோலைத் துழாவித் துழாவி ஈரப்படுத்தி, கரைந்து வருவதைக் குடிப்பது தெரியும். விரல் நீட்டினாலும் எளிதில் பறக்காது. அந்தச் செடியில் இருப்பது பைரோலிசிடின் என்னும் கசப்பு ஆல்கலாய்டு. ஆடுமாட்டின் கல்லீரலைக் கெடுக்கக்கூடிய நஞ்சு. ஆண் வரியன் அதை உடலில் சேர்த்துவைத்து இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறது. கொத்த வரும் பறவைக்கு வாய் கசக்கும். பெண்ணைக் கவரும் மணமும் அதிலிருந்துதான் உருவாகிறது. வயிற்று நுனியில் மடித்து வைத்திருக்கும் மெல்லிய மயிர்க்குஞ்சத்தை விரித்து அந்த மணத்தைப் பெண்ணின் முன் வீசுகிறது. தேள்கொடுக்குச் செடியிலும் இதே நஞ்சு இருப்பதால் அங்கேயும் இந்தக் கூட்டத்தைக் காணலாம்.

முட்டையிட வேறு செடிகள் வேண்டும். நீல வரியனுக்குக் கொடிப்பாலை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, ஆல், நன்னாரி. இவற்றில் பல நம் ஊரில் வேலியோரத்திலும் காலிமனையிலும் தானாக முளைப்பவை. களை என்ற பெயரில் முதலில் வெட்டப்படுபவையும் அவையே.

வட அமெரிக்காவின் மோனார்க் பட்டாம்பூச்சி இந்த வரியன்களுக்கு நெருங்கிய உறவு. கனடாவிலிருந்து மெக்சிகோ மலைகள் வரை சுமார் 4,000 கிலோமீட்டர் போகும் அதன் இலையுதிர்கால வலசை உலகப் புகழ் பெற்றது. சூரியனின் திசையையும் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்த்து அது வழி கண்டுபிடிக்கிறது. அந்தக் கடிகாரம் உணர்கொம்பில் இருக்கிறது. குளிருக்குப் பயந்து ஓடுகிறது மோனார்க். மழையின் வலுவைக் கணக்கிட்டு ஓடுகின்றன நம் வரியன்கள். மோனார்க்கைப் பற்றிப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள், தங்கள் மொட்டைமாடிக்கு மேலேயே போகும் ஊர்வலத்தை அறியாமல் வளர்வது பெரிய இழப்பு.

மண்ணுக்குள் இருந்து

காற்றையும் மழையையும் கேட்டுக் கிளம்பும் மூன்றாவது கூட்டம் தரைக்கடியில் காத்திருக்கிறது. கரையான் புற்றில் சிறகு முளைத்த ஆணும் பெண்ணும் வாரக்கணக்கில் தயாராகத் தங்கியிருக்கும். நல்ல மழை பெய்து மண் இளகியதும் வேலைக்காரக் கரையான்கள் புற்றில் வாசல் திறந்துவிடும். ஒரே அந்தியில் ஒரு வட்டாரத்தின் பல புற்றுகள் ஒருசேரத் திறப்பதில்தான் நுட்பம் இருக்கிறது: ஒரு புற்றில் பிறந்தது வேறு புற்றில் பிறந்ததோடு இணை சேர முடியும், கரிச்சானும் மைனாவும் பல்லியும் தவளையும் எவ்வளவு தின்றாலும் கொஞ்சம் மிஞ்சும். சிறகு உதிர்த்த பெண் முன்னே ஓட, ஆண் ஒட்டினாற்போல் பின்னே ஓடும். ஈரமண் கிடைத்த இடத்தில் இரண்டும் சேர்ந்து துளை போட்டு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். ஒரு புதுப் புற்றின் ராஜாவும் ராணியும் அவையே.

கொங்கு நாட்டில் ஈசல் பிடித்து வறுத்து அரிசியோடு கலந்து தின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி என்ற பழமொழியும் இருக்கிறது. ஈசல் மழையை மணந்து அறிவதைவிட, பெய்த மழையையும் ஏறிய ஈரத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது என்பதே சரி. ஆனால் பருவமழையில் ஒரு மழை பெய்தால் தொடர்ந்து பெய்யும் வாய்ப்பு அதிகம். ஆகவே பழமொழி பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

மூன்று கதைகளில் இரண்டை ஒரு பறவை சேர்த்து முடிச்சுப் போடுகிறது. சைபீரியா, மஞ்சூரியாப் பக்கம் இனம் பெருக்கும் அமூர் வல்லூறு அக்டோபர் வாக்கில் நாகாலாந்துக்கு லட்சக்கணக்கில் வருகிறது. அங்கே ஈசலைத் தின்று கொழுத்து, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. கடலுக்கு மேலே அதற்கு என்ன உணவு? அதே வாரங்களில், அதே காற்றில், அதே திசையில் போகும் தட்டான்கள்தான் என்பது ஆண்டர்சனின் கருத்து. ஒரு காற்று திரும்பும்போது எத்தனை உயிர்கள் சேர்ந்து புறப்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் ஊருக்கு இருக்கும் கடமை

பூச்சிகளைப் படிப்பதில் கோவைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. இங்கே அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் பிளெச்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். டி.வி. ராமகிருஷ்ண அய்யரின் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வந்தது. 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் ஆர்.எஸ்.புரத்துக்குள்ளேயே இருக்கிறது. லாலி ரோடு தாண்டினால் வேளாண்மைப் பல்கலைக்கழகம். 2018இல் திறந்த அதன் பூச்சி அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம். பட்டாம்பூச்சி வலசையை ஆண்டுதோறும் பதிவு செய்யும் ஆர்வலர் அமைப்பும் இந்த ஊரில் இயங்குகிறது.

இத்தனை இருந்தும், பூச்சிகள் இறங்க இடம் சுருங்குகிறது. குளக்கரைகளில் சரிவான சேறு இருந்த இடத்தில் கான்கிரீட் நடைபாதை வந்துவிட்டது. காலிமனைகள் வாகன நிறுத்தமாகின்றன. பூங்காக்களில் வெளிநாட்டுப் புல்லும் அலங்காரச் செடியும் நிறைந்து, கிலுகிலுப்பைக்கும் எருக்குக்கும் கொடிப்பாலைக்கும் இடமில்லாமல் போகிறது. செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மூலையைக் களை பறிக்காமல் விடலாம். குளக்கரையில் ஒரு பக்கத்தையாவது மண்ணாகவே வைக்கலாம். மழை தேங்கும் பள்ளத்தை எல்லா இடத்திலும் நிரவாமல், கொசு ஒழிப்புக்குத் தண்ணீர்த்தொட்டிகளையும் டயர்களையும் கவனிக்கலாம். திறந்த குட்டையில் வளரும் தட்டான் குஞ்சு கொசுப்புழுவைத் தின்றே வளர்கிறது.

இன்னொன்றும் செய்ய வேண்டும். உழவர் சந்தைக்கு நடந்து போகிறவர், பள்ளிப் பிள்ளை, மாடியில் துணி காயப்போடுகிறவர் என்று யாராக இருந்தாலும், முதல் தட்டான் கூட்டத்தையும் முதல் வரியன் ஊர்வலத்தையும் பார்த்த நாளை, நேரத்தை, பறந்த திசையை எழுதி வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றுங்கள். கடலும் வானும் சூடேறும் காலம் இது. பருவக்காற்று திரும்பும் நாள் தள்ளிப் போனால், அதை முதலில் காட்டிக்கொடுப்பவை காற்றில் ஏறிப் போகும் இந்தச் சிறகுகளாகவே இருக்கும். ஆண்டர்சன் கடல் தாண்டும் வலசையைக் கண்டுபிடித்தது விலையுயர்ந்த கருவியால் நடந்ததில்லை; வந்த தேதிகளை விடாமல் குறித்து வைத்ததால் நடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருக்கும் நமக்கு அந்தத் தேதிகளைக் குறிக்க அவரைவிட நல்ல இடம் வாய்த்திருக்கிறது.